இஞ்சின் குடித்த தண்ணீர்

கோட்டைக்குப்பத்தில் பிறந்த ஒருவனுக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும், வயிறு புரளும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். குப்பத்துக்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம். முத்துராஜ் சிறுவனாக இருந்தபோது அவனுடைய நைனா அவனைக் கடலுக்குக் கூட்டிப்போனார். கரை கண்ணுக்கு மறைவதற்குள் அவன் படகின் விளிம்பில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தான். சரி, குப்பத்துக்கு மறுபக்கம் இருக்கும் ஏரியில் அலை கிடையாது, அங்கேயாவது பழகட்டும் என்று பார்த்தார்கள். அங்கேயும் அதே கதைதான். "இவன் மீன் புடிக்கப் போனா, மீனுக்குத்தான் சாப்பாடு கிடைக்கும்" என்று குப்பமே சிரித்தது. நைனா அதற்குமேல் கட்டாயப்படுத்தவில்லை. திருப்பாலைவனத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார்.

சுனாமி வந்துபோன பிறகு குப்பத்துக்கு லாரி லாரியாக இஞ்சின்கள் வந்தன. படகின் பின்பக்கம் மாட்டி, கயிற்றை இழுத்தால் ஓடும் இஞ்சின்கள். யார் கொடுத்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் பெட்டிமேல் எழுதியிருந்தது. ரிப்பேரானால் யாரிடம் போவது என்பது மட்டும் எழுதியிருக்கவில்லை. முத்துராஜ் ஸ்பேனர் பையோடு ஊருக்குத் திரும்பினான். இப்போது அந்த இஞ்சின்களுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. பெயின்ட் உரிந்து, மூடி உடைந்து, ஒன்றின் தலையும் இன்னொன்றின் காலுமாகச் சேர்ந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஏரிக்கரையில் சவுக்குக் கம்பம் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை அவனுடையது. நடுவில் ஒரு பெரிய நீல டிரம். இஞ்சினை மரச்சட்டத்தில் மாட்டி, புரொப்பல்லர் இருக்கும் அதன் காலை டிரம்முக்குள் இறக்கி, போர்வெல் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்ப்பான். இந்த இஞ்சின்கள் தாம் நிற்கும் தண்ணீரையே குடித்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காலில் இருக்கும் சின்ன பம்பு தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அது இஞ்சினைச் சுற்றி ஓடி, பின்பக்கத் துளை வழியாகக் கயிறு மாதிரி பீச்சி விழும். அந்தக் கயிறு அறுபடாமல் விழுந்தால் இஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். "ஒண்ணுக்குப் போவுதா?" என்பதுதான் இஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முத்துராஜ் கேட்கும் முதல் கேள்வி. குப்பத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், யாரோ குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிறார் போல என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

ஏரிக்குள் போகாத அவனுக்கு ஏரி முழுக்கத் தெரியும். இஞ்சின்கள்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தன. காலைக் கழற்றினால் உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கும். கறுப்புச் சேறு என்றால் ஆறு வந்து விழும் பக்கம் போன படகு. சர்க்கரை மாதிரி மணல் என்றால், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். நூல் நூலாகப் பாசி சுற்றியிருந்தால் வடக்கே ஆந்திரா எல்லைப் பக்கம். ஒருநாள் புரொப்பல்லரில் ஒரு மஞ்சள் முந்தானைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எந்த ஊரில் எந்தக் கொடியில் காய்ந்தது, எந்தக் காற்று தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டது என்று மனசு அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அவன் கண்ணுக்குள் இப்படி ஓர் ஏரி இருந்தது. அதில் எதுவும் ஆடாது. தண்ணீருக்குமேல் நடக்கிற மாதிரி அவன் அதில் எங்கே வேண்டுமானாலும் போய்வருவான்.

"சொக்கிட்டியா?" என்று அவன் மனைவி கலைவாணி சோற்றுத் தூக்கோடு வந்து நிற்பாள். "கையில ஸ்பேனரு, கண்ணுல கனா. இப்பிடி ஒரு மெக்கானிக்க எங்கனா பாத்துகீறீங்களா?" என்று காத்திருப்பவர்களைப் பார்த்துக் கேட்பாள்.

கலைவாணியின் தம்பி பிரசாந்துக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆனது. கல்யாணம் ஆன ஆணுக்குத்தான் குப்பத்தில் பாடு உண்டு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும் என்பதால், முறை வைத்திருக்கிறார்கள். குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று வரிசையாகப் போவார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. கலைவாணியின் நைனா இறந்ததிலிருந்து அந்த வீட்டுப் பெயர் பாடு வரிசையில் இல்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கி, கல்யாணமும் செய்து வைத்துவிட்டு, குலுக்கல் நடந்த அன்றைக்கு அவள் கோயில் வாசலில் விரதத்தோடு நின்றாள். மார்கழி அமாவாசைக்கு மறுநாள் பிரசாந்துக்கு முதல் முறை விழுந்தது.

முதல் முறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வலையைக் கட்டாமல் விட்டால் அந்த வருஷம் முழுக்கப் பெயரை எடுத்துவிடுவார்கள். அடுத்த குலுக்கல் வரை காத்திருக்க வேண்டும். முந்தின நாளே போய் இடத்தில் படுத்துக்கொள்ளவும் முடியாது. முந்தின முறைக்காரன் வலையை அவிழ்த்துக்கொண்டு விடியலில் கரைக்கு வந்து தகவல் சொன்ன பிறகுதான் அடுத்தவன் படகைத் தள்ள வேண்டும். காலை வெயில் ஏறும்போது ஏரித் தண்ணீர் கடல் பக்கம் இறங்கத் தொடங்கும். அதற்குள் வலை கட்டும் கழிகளில் முதல் கழியாவது நட்டிருக்க வேண்டும். பிரசாந்துக்கு விழுந்த இடம் முகத்துவாரத்துக்கு வடக்கே இருந்தது. மார்கழியில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். கழியால் தள்ளிக்கொண்டு போய் நேரத்துக்குச் சேர முடியாது. இஞ்சின் ஓடியாக வேண்டும்.

பிரசாந்திடம் இருந்த இஞ்சின் முத்துராஜ் செய்து கொடுத்தது. கரையில் கிடந்த இரண்டு செத்த இஞ்சின்களை ஒன்றாக்கி, கல்யாணச் சீராகக் கொடுத்தான். அவன் கைபட்டதிலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அது இப்போது பாதி வழியில் நின்றுபோகப் பழகியிருந்தது. கரையிலிருந்து கிளம்பும்போது சிங்கம் மாதிரி போகும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும், நின்றுவிடும். ஆறவைத்து இழுத்தால் திரும்பக் கிளம்பும். முத்துராஜ் தண்ணீர் பம்பில் புது ரப்பர் போட்டான். பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். டிரம்மில் விட்டு ஓட்டினால் கயிறு மாதிரி தண்ணீர் பீச்சியது. ஒரு குறையும் இல்லை.

"மாமா, உன் டிரம்முல நல்லாத்தான் ஓடுது" என்றான் பிரசாந்த். "நான் டிரம்முக்குள்ள வலை கட்ட முடியாது. நீ படகுல வா. நிக்கிற எடத்துல வந்து பாரு."

"வேற யார்கிட்டனா இஞ்சின் கேட்டுப் பாரேன்."

"இந்த சீசன்ல எவன் கரையில கீறான்? அல்லாரும் தண்ணிமேலதான் கீறாங்க."

அது உண்மைதான். முறைக்கு முந்தின நாள் காலை அது. முத்துராஜ் டிரம்மைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான். கலைவாணி அவன் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தினாள்.

"வாந்தி வந்தா வரட்டும்" என்றாள். "உசுரு போவாது. போய்ட்டு வாய்யா."

படகில் அவன் கால் வைத்ததைக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த சுப்பராயலு பார்த்துவிட்டார். வரிசையில் பிரசாந்துக்கு அடுத்த முறை அவருடையதுதான். பிரசாந்த் விட்டால் அன்றைக்கே அந்த இடம் அவருக்கு வரும். அதற்காகக் கெட்டது நினைக்கிற மனுஷர் இல்லை. ஆனால் கேலி செய்யாமல் இருக்க மாட்டார்.

"அடடே, மெக்கானிக்கு ஏரிக்குப் போறான்!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினார். "மீனுங்களா, அல்லாரும் வரிசையா குந்துங்க! எலை போட்டாச்சு!"

கரை விலகியது. முத்துராஜ் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, பீச்சி விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். வேறெதையும் பார்த்தால் வயிறு புரளும் என்று தெரியும். ஆனாலும் கண் தானாகத் திரும்பியது. பனி இன்னும் விலகவில்லை. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாக இருந்தன. தூரத்தில் நட்டிருந்த கழிகள் எதன்மேலும் நிற்காமல் அந்தரத்தில் தொங்குவது போல் இருந்தன. ஒரு ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தான். அவன் பாதி மனிதன் மாதிரியும், மீதிப் பாதி வேறெங்கோ நடந்துகொண்டிருப்பது மாதிரியும் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கண்ணுக்குள் வைத்திருந்த ஏரி இதுதானா என்று முத்துராஜுக்குப் புரியவில்லை. அதைவிடப் பெரிதாக இருந்தது. அதைவிட மெதுவாகவும் இருந்தது.

"ஒண்ணுக்குப் போவுதா?" என்று பிரசாந்த் கத்தினான்.

"போவுது."

முகத்துவாரம் தாண்டியதும் வாடைக்காற்று எதிரே வந்தது. பிரசாந்த் இஞ்சினை முழு வேகத்துக்குத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனதும் பீச்சுகிற கயிறு மெலிந்தது. அப்புறம் சொட்டியது. அப்புறம் தண்ணீர் இல்லை, ஆவிதான் வந்தது. இஞ்சின் இருமி, இழுத்து, நின்றது. சுற்றிலும் சத்தமே இல்லை. படகு பக்கவாட்டில் திரும்பி ஆட ஆரம்பித்தது. முத்துராஜ் விளிம்பில் கவிழ்ந்துவிட்டான்.

எல்லாம் வெளியே போய் முடிந்த பிறகும் தலையைத் தூக்க முடியவில்லை. கன்னத்தைப் படகின் விளிம்பில் வைத்து, கண்ணை மூடி, வலது கையைத் தண்ணீரில் தோள்வரை தொங்கவிட்டுக் கிடந்தான். கை குளிர்ந்தது. அது இதமாக இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. முழங்கைதான் குளிர்ந்துகொண்டிருந்தது. விரல்கள் குளிரவில்லை. யாரோ கீழே இருந்து உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி விரல்களில் ஒரு வெதுவெதுப்பு. கனவு காண்கிறோம் என்றுதான் முதலில் நினைத்தான். கையைக் கொஞ்சம் தூக்கினான். விரல் குளிர்ந்தது. இறக்கினான். வெதுவெதுப்பு. கனவில் இப்படித் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

கையை வெளியே எடுத்து நடுவிரலை நாக்கில் வைத்தான். உப்பு கரித்தது.

உள்ளங்கையால் மேல் தண்ணீரை அள்ளிக் குடித்தான். இனித்தது.

தினமும் காலையில் கொட்டகையைத் திறந்ததும் முத்துராஜ் செய்யும் முதல் வேலை, ஏரி ஓரமாகக் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான். உப்புத் தண்ணீரில் ஓடிய இஞ்சினைக் கரைக்கு வந்ததும் டிரம்மில் விட்டு நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் உப்பு உள்ளேயே காய்ந்து, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். கடலுக்குப் போகிறவர்கள் எப்போதும் கழுவுவார்கள். ஏரியில் மட்டும் ஓட்டுகிறவர்கள் முத்துராஜின் நாக்கைக் கேட்டுத்தான் கழுவுவார்கள். மழை பெய்து ஆற்று வெள்ளம் வந்து விழுந்தால் ஏரி இனிக்கும். அப்போது அவன் "டிரம் வாணாம்" என்பான். அந்த வருஷம் நல்ல மழை. கார்த்திகையிலேயே சொல்லிவிட்டான். பிரசாந்த் தினமும் முகத்துவாரம் பக்கம்தான் நண்டு வலை போடப் போனான். அங்கேயும் அள்ளிக் குடித்துப் பார்த்து, "அங்கயும் இனிப்புதான் மாமா" என்று வந்து சொல்லியிருந்தான். கழுவவே இல்லை.

முத்துராஜ் படகுக்குள் புரண்டு உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"இன்னா மாமா, இன்னா ஆச்சு?" பிரசாந்த் பயந்துபோனான். "வெயில்கூட இல்லியே!"

"டேய், ரெண்டு ஏரிடா!" என்றான் முத்துராஜ். "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு! ஆத்துத் தண்ணி மேலாக்குல போய்கினு கீது. கடல் தண்ணி அதுக்கு அடியில பூந்து வந்துகினு கீது. நாம குடிச்சது மேல் ஏரி. இந்தக் கால் எவ்ளோ ஆழத்துல நிக்குது பாரு. இது குடிச்சது கீழ் ஏரிடா!"

பிரசாந்த் தானும் கையை விட்டுப் பார்த்தான். நக்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"ஒரு மாசமா உப்பு குடிச்சு, கழுவாம, உள்ள கல்லாட்டம் படிஞ்சிருக்கும்" என்றான் முத்துராஜ். "டிரம்முல சும்மா ஓடுறப்போ, மிச்சம் கீற சந்துல தண்ணி போயிடுது. இங்க காத்துக்கு எதிர முழுசா ஓட்டினா, அந்தத் தண்ணி பத்தல." விரலை இன்னொரு முறை நாக்கில் வைத்துப் பார்த்தான். "டிரம் வாணாம்னு நான்தான் சொன்னேன். கரையில நின்னு நக்கிப் பாத்துட்டு."

பிரசாந்த் அவனையே பார்த்தான். கோபம் வருமா சிரிப்பு வருமா என்று அவனுக்கே தெரியாத முகம்.

"கரைக்குப் போயி திட்றேன்" என்றான் கடைசியில். "இப்ப கழியப் புடி. தள்ளு."

கரைக்கு வந்ததும் முத்துராஜ் இஞ்சினின் தலையைத் திறக்க ஆரம்பித்தான். தலை என்றால் மேலே இருக்கும் மூடி. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் உப்பில் இறுகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தான், தட்டினான், மெல்ல மெல்லத் திருப்பினான். ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தது. கடைசிப் போல்ட் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினான். 'டக்' என்று போல்ட்டின் தலை உடைந்து கையோடு வந்துவிட்டது. தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. அந்தத் தண்டைத் துளைத்து எடுக்க அவனிடம் மிஷின் இல்லை. பொன்னேரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு நேரமில்லை.

மூடியைத் தூக்கினால், உள்ளே தண்ணீர் ஓட வேண்டிய வாய்க்கால்களில் வெள்ளையும் பழுப்புமாக, இட்லி மாவு காய்ந்த மாதிரி உப்பு அப்பியிருந்தது. கம்பியால் சுரண்டினான். சில இடத்தில் பெயர்ந்தது. சில இடத்தில் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"புளி வேணும்" என்றான் கலைவாணியிடம். "வெந்நீரும்."

"எவ்ளோ புளி?"

"வீட்ல எவ்ளோ கீது?"

அவள் முறைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது ஒரு குண்டான் நிறையப் புளித்தண்ணீர் ஆவி பறக்கக் கொண்டுவந்தாள். அதை ஊற்றி ஊறவைத்துச் சுரண்டும்போது முத்துராஜ் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். மேல் ஏரி, கீழ் ஏரி, தான் நாக்கில் வைத்துப் பார்த்தது எல்லாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணியால் போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உன் நாக்க நம்பித்தான் ஊரே கீது" என்றாள்.

"ஆமா."

"நைனா பேரு திரும்ப வரணும்னு எத்தினி வருசமா நான்..." அவள் முடிக்கவில்லை. துடைத்த போல்ட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இது ஓடுமா, அத்தச் சொல்லு."

"ஓடும். ஒரு போல்ட்டு இல்ல. அந்த மூலையில தண்ணி ஒழுகும். முழுசா ஓட்டினா அந்த மூலை காஞ்சுடும். பாதி வேகத்துலதான் போவணும். நான் கூடப் போவணும்."

"குண்டான் நெறைய புளி போச்சு" என்றாள் கலைவாணி. "உன் வாந்திக்கு ஒரு எலுமிச்சம்பழம் போனா போவுது."

மறுநாள் விடியலில் முந்தின முறைக்காரர் நனைந்த வலையோடு கரை சேர்ந்து, "எடம் காலி" என்று குரல் கொடுத்தார். பிரசாந்த் படகைத் தள்ளினான். அடுத்த முறைக்காரர் இடத்துக்குப் பக்கத்தில் வந்து காத்திருப்பது வழக்கம் என்பதால், சுப்பராயலுவின் படகும் கூடவே கிளம்பியது. அவருடைய இஞ்சின் புதுசு. பனிக்குள் அது முன்னாலே போய் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

இவர்களுடைய இஞ்சின் பாதி வேகத்தில் ஊர்ந்தது. உடைந்த போல்ட் இருந்த மூலையிலிருந்து தண்ணீர் கசிந்தது. முத்துராஜ் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை அங்கே வைத்து, அதன்மேல் மரக்கட்டையைக் கொடுத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். கையை எடுத்தால் தண்ணீர் வெளியேறிவிடும், சூடு ஏறும். அதனால் விளிம்புக்குப் போக முடியவில்லை. வயிறு புரண்டபோது தன் சட்டைமேலேயே வாந்தி எடுத்தான். பிரசாந்த் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டான்.

பனி கலையத் தொடங்கியது. வெயில் எங்கோ இருந்தது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் மஞ்சளாகியது. தண்ணீருக்குமேல் மெல்லிய புகை ஓடியது. உள்ளங்கைக்குக் கீழே இஞ்சின் அதிர்ந்தது. தான் பிடித்திருப்பது இரும்பா, ஓடிவந்து மூச்சு வாங்கும் ஒரு மாடா என்று முத்துராஜுக்கு அடிக்கடி சந்தேகம் வந்தது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றும் தெரியவில்லை. போய்க்கொண்டே இருந்தார்கள். கரை எந்தப் பக்கம் என்றுகூட மறந்துபோயிற்று.

பனி விலகியபோது சுப்பராயலுவின் படகு தெரிந்தது. அவர் நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வைக்கோல் பிரியை ஏரியில் போட்டிருந்தார். குப்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழி அது. வைக்கோல் நின்ற இடத்தில் நின்றால் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. முகத்துவாரம் பக்கம் நகர்ந்துவிட்டால் இறங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குள் கழி நடாதவன் முறையை விட்டவன்.

வைக்கோல் நின்றுகொண்டிருந்தது.

"டேய், வாங்கடா!" என்று சுப்பராயலு கையை ஆட்டினார். "ஜல்தி வாங்கடா! இது ரொம்ப நேரம் நிக்காது!"

இன்னும் நல்ல தூரம் இருந்தது. பாதி வேகத்தில் போனால் சேரமாட்டோம் என்று பிரசாந்துக்குத் தெரிந்தது. முத்துராஜுக்கும் தெரிந்தது. பிரசாந்த் இஞ்சின் பிடியில் கை வைத்தபடி அவனைப் பார்த்தான். முழு வேகம் கொடுத்தால் கையால் அழுத்தினாலும் தண்ணீர் நிற்காது, அந்த மூலை காய்ந்துவிடும். உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதை யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு செத்த இஞ்சினிலிருந்து எடுத்த ஓர் உயிர் அது. பாதி வேகத்திலேயே போனால் அது பிழைக்கும். போய்ச் சேர்வதற்குள் வைக்கோல் நகர்ந்துவிடும்.

முத்துராஜ் கட்டையிலிருந்து கையை எடுத்தான்.

"திருப்பு" என்றான்.

"மாமா..."

"முழுசா திருப்புடா!"

பிரசாந்த் திருப்பினான். படகின் மூக்கு தூக்கியது. இஞ்சின் அந்த மாதத்தில் ஒருமுறைகூடக் கத்தாத சத்தத்தில் கத்தியது. மூலையிலிருந்து தண்ணீர் தெறித்து முத்துராஜின் முகத்தில் அடித்தது. முதலில் குளிர்ச்சியாக, அப்புறம் சூடாக, அப்புறம் ஆவியாக. பெயின்ட் தீய்கிற வாசனை வந்தது. பீச்சுகிற கயிறு அறுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் பட்டு அது தங்கக் கம்பி மாதிரி மின்னியது. இடத்தை விட்டு அசையவில்லை. இந்த உலகத்தில் அசையாத பொருள் அது ஒன்றுதான் என்பது போல இருந்தது.

'கிரீச்' என்று ஒரு சத்தம். இஞ்சின் உள்ளே எதையோ கடித்துக்கொண்டு நின்றது. வந்த வேகத்தில் படகு தானாகச் சறுக்கிக்கொண்டு போனது. பிரசாந்த் கழியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். படகு நிற்பதற்குள் குதித்தான். மார்பளவுத் தண்ணீர். கழியை நட்டு, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து, சேற்றுக்குள் இறக்கினான்.

அதன் பிறகுதான் வைக்கோல் திரும்பியது. ஒரு முனை முகத்துவாரம் பக்கம் திரும்பி, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்று, அப்புறம் மெதுவாகக் கிளம்பிப் போனது.

சுப்பராயலு அதைப் பார்த்தார். கழியைப் பார்த்தார். பிரசாந்த் கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா என் மூஞ்சியப் பாத்துகினு கீற?" என்றார் சுப்பராயலு. "கழி எறங்கிச்சு, அப்பாலதான் தண்ணி எறங்கிச்சு. நான் கண்ணால பாத்தேன். அடுத்த கழிய நடு. உங்க நைனா வலை கட்டுன எடம்டா இது. நல்லாக் கட்டு."

அவர் தன் இஞ்சினை இழுத்துவிட்டு, படகைத் திருப்பினார். போகிற போக்கில் முத்துராஜைப் பார்த்து, "மெக்கானிக்கு! சட்டைய அவுத்து அலசுடா, நாறுது!" என்று கத்திவிட்டுப் போனார்.

பிரசாந்த் கழிகளை ஒவ்வொன்றாக நட்டு, வலையின் தலைக்கயிற்றை இழுத்துக் கட்டினான். முத்துராஜ் சேலைக் கொசுவத்தைப் பிரிக்கிற மாதிரி படகிலிருந்து வலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து விட்டான். தண்ணீர் இறங்க இறங்க வலை உள்ளே காற்றுப் புகுந்த மாதிரி உப்பியது. ஏரி முழுவதும் அந்தப் பக்கமாக நடந்து போவது மாதிரி இருந்தது. பின்னால் இஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. இரும்பு சுருங்கும்போது வரும் 'டிக்' 'டிக்' சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

பிரசாந்த் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றான். அந்தச் சத்தத்தை அவனும் கேட்டான்.

"மாமா, உன் இஞ்சின்..."

"அது கெடக்கட்டும்" என்றான் முத்துராஜ். "திரும்புறப்போ எப்பிடியும் கழியாலதான் தள்ளிகினு போவணும். கயிறு தளருது பாரு, வலப்பக்கம்."

பிரசாந்த் வலப்பக்கம் போனான். முத்துராஜ் சட்டையைக் கழற்றி, வலை இல்லாத பக்கமாக ஏரியில் நனைத்தான். படகு ஆடியது. வயிறு புரண்டது. தண்ணீர் சட்டையைப் பிடித்து இழுத்தது. விடாமல் பிடித்துக்கொண்டு, அது போகிற திசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.